மௌனியும் வெண்சூரியனும் மோதினால்

கப்பில் மொண்ட தண்ணீர் தோளில் பட்டுத் தரையில் சிதறுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் ரஞ்சிதத்துக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. ஒரு கப், சின்ன இடைவெளி, இன்னொரு கப். இடைவெளி கொஞ்சம் நீண்டால் மூச்சும் அதோடு சேர்ந்து நீண்டு, எங்கேயோ ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டு நிற்கும். காலை ஒன்பதே கால். பாளையங்கோட்டை வெயில் அடுக்களை ஜன்னல் வழியாக வந்து நடையில் பாதிவரை படுத்திருந்தது. மீதிப் பாதியில், குளியலறைக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி, சுவரில் முதுகு படாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள். முதுகு பட்டால் சேலை உரசும். உரசினால் அவனுக்குக் கேட்கும். அம்மா கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள் என்று தெரிந்துவிடும். தெரியாதா என்ன, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு? ஆனாலும் தெரியாத மாதிரி இருப்பதற்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அந்தக் கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. ஆறு வாரத்துக்கு முன்னால், செல்வினை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முதல்நாள், ஆசாரியை வரச்சொல்லிக் கழற்றி வைத்துவிட்டாள். திருகாணி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவன் அதைப் பார்த்தான். ஓர் ஓட்டையை மட்டும் விரல்நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "நீ கூப்பிட்டா நான் பதில் சொல்லுதேன்மா. பதில் வந்தா திறக்கக் கூடாது. வரலேன்னா திறந்துக்க," என்றான். அவ்வளவுதான் ஒப்பந்தம். எழுதிக் கையெழுத்துப் போடாத குறை. எத்தனை நேரம் பதில் வராவிட்டால் வரவில்லை என்று எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் இரண்டு பேருமே பேசவில்லை. முப்பத்தொரு வருஷம் சட்டத்தோடும் விதிகளோடும் உத்தியோகம் பார்த்தவள் அதை எப்படி விட்டாள்?

"ஏல செல்வின்!" என்று கூப்பிட்டாள். குரல் அடுக்களையிலிருந்து வருகிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கூப்பிட்டாள். "மௌனியும் வெண்சூரியனும் மோதினா யாரு ஜெயிப்பா?"

"மௌனிதாம்மா. இது கேட்ட கேள்வி."

"எப்பக் கேட்டேன்?"

"திங்கக்கிழமை. பழசையே கேக்கியா? ஸ்டாக் தீந்துட்டா?"

உள்ளே தண்ணீர் மறுபடி விழுந்தது. ஆணியிலிருந்து மூச்சு கழன்று இறங்கியது. பேசுகிறான். கிண்டல் பண்ணுகிறான். இன்னும் இரண்டு நிமிஷத்துக்கு, இல்லை, ஒன்றரை நிமிஷத்துக்குப் போதும். சும்மா சும்மா இருக்கியா, இருக்கியா என்று கேட்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். வயதில் ரஞ்சிதத்தைவிடப் பதினைந்து வருஷமாவது சின்னவள், மேஜையில் ஒரு கண்ணாடி யானைக்குட்டி வைத்திருந்தாள். "அப்படிக் கேக்கறது அவருக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை அதையே ஞாபகப்படுத்தற மாதிரி. விசாரணை வேண்டாம். அவருக்கு எதைப் பத்திப் பேசப் பிடிக்குமோ அதைப் பேசுங்க." அவருக்கு எதைப் பற்றிப் பேசப் பிடிக்கும்? பெற்ற தாய்க்கு அந்த நேரத்தில் வாயில் ஒன்றும் வரவில்லை. யானைக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தும்பிக்கை நுனியில் ஒரு சின்ன உடைசல். டாக்டரம்மா காத்திருந்துவிட்டு, "யோசிச்சு வையுங்க," என்று மெதுவாகச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது, வண்ணார்பேட்டை தாண்டுகிற இடத்தில்தான் ஞாபகம் வந்தது. காமிக்ஸ். வானத்தில் பறக்கிறவர்கள். மலையைப் பிடுங்குகிறவர்கள். எவன் பெரியவன், எவன் அவனைவிடப் பெரியவன் என்று விடிய விடியப் போனில் யார் யாரோடோ எழுதிச் சண்டை போடுவானே, அது. ஞாபகம் வந்தது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு சேர்ந்து ஞாபகம் வந்தது சந்தோஷமாக இல்லை. அதை இப்போது நினைக்க வேண்டாம். கப் விழுகிறது. இன்னும் ஒன்று.

அவர்களுக்கெல்லாம் தரவரிசை உண்டு என்பதே அவளுக்கு இந்த ஆறு வாரத்தில்தான் தெரியும். தெரு லெவல், ஊர் லெவல், கிரக லெவல், நட்சத்திர லெவல், பிரபஞ்ச லெவல், அதற்கும் மேலே. தெருவில் நாலு ரவுடியை அடிக்கிறவன் தெரு லெவல். வெண்சூரியன் நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் அணையப்போகிற நேரத்தில் அதை இரண்டு கையாலும் பொத்தி ஊதி ஊதி எரியவைத்தவன். மௌனி பிரபஞ்சம். பேசவே மாட்டாள். இதுவரை ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கிறாள், அதில் ஒரு பால்வீதி காணாமல் போய்விட்டது. காலக்கொல்லன் என்று ஒருவன், நடந்து முடிந்ததை உலையில் போட்டுப் பழுக்கவைத்து அடித்து வேறு மாதிரி வளைப்பவன். கேட்டவுடன் அவளுக்கு அவனைத்தான் பிடித்தது. ஏன் பிடித்தது என்று செல்வின் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாம் நாளே கடையில் ஒரு நீளநோட்டு வாங்கிவந்து கோடு போட்டாள். அது அவளுக்குக் கை தானாகச் செய்கிற காரியம். தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அளவுப்படிக்கும் சோதனை செய்து அரசாங்க முத்திரை போடுகிற ஆய்வாளர் அவள், இந்த ஆறு வாரமாக லீவு. தென்காசியிலிருந்து திசையன்விளைவரை அவள் கை படாத தராசு இல்லை. பெயர், தூக்கிய எடை, எந்த இதழ், முரண். நான்கு கட்டங்கள். அவன் சொல்லச் சொல்ல எழுதிப் பார்த்தால் ஒருவனுக்கும் கணக்கு நேராக வரவில்லை. ஐந்தாம் இதழில் சந்திரனைத் தள்ளி வைத்த வெண்சூரியன் பதினோராம் இதழில் இடிந்து விழுகிற பாலத்தைத் தாங்க முடியாமல் முழங்கால் போட்டு நிற்கிறான். "ஏல, இந்த ஆளுக்கு முத்திரை போட முடியாது. திருப்பி அனுப்பணும்," என்றாள் நோட்டைப் பார்த்துக்கொண்டே, விளையாட்டாகக்கூட இல்லை, உத்தியோகக் குரலில். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் சிரித்தான். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறான் என்று நினைத்துவிட்டாள். சிரிக்கிறான் என்று தெரிந்ததும் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அவள்தான் அழுதாள்.

இப்போது சோப்புப் போடுகிறான். தண்ணீர்ச் சத்தம் இல்லாத நேரம். இது நியாயமான நேரம், சோப்புப் போட எல்லாருக்கும் நேரம் ஆகும், ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம், தலைக்கும் போட்டால் மூன்று. அவன் தகப்பன் தங்கதுரையானால் பத்து நிமிஷம் போடுவார், பாட்டு வேறு. அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில், வாரம் முடிந்தால்தான் வருவார். வந்தாலும் கதவுக்கு வெளியே நிற்க அவரால் முடியவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தார். "என்னால ஆகாது ரஞ்சி. எனக்கு அந்தப் பேரெல்லாம் ஒண்ணும் ஓடல," என்று சொல்லிவிட்டுக் வேதக்கோயிலுக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. "காலக்கொல்லன் எத்தனை வருஷம் பின்னால போவான்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் இதையும் கேட்டிருக்கிறோமோ என்று தோன்றியது. "எவ்வளவு வேணும்னாலும். ஆனா அவன் பிறந்ததுக்கு முன்னால போக முடியாது," என்றது உள்ளேயிருந்து குரல். சோப்பு நுரைக்குள்ளிருந்து வருகிற குரல்தான். வாயை மூடித் திறந்து பேசுகிறான். "அதென்னல அப்படி ஒரு கண்டிஷன்?" "கண்டிஷன் இல்லேன்னா கதை கிடையாதும்மா." சரி. ஆதாரம் கேட்டால் அவன் உடனே சொல்வான், எந்த இதழ், எத்தனையாவது பக்கம் என்று. போனில் அப்படிச் சண்டை போடுகிறவர்களுக்குள் அதற்கும் சட்டம் இருக்கிறது. செய்ததுதான் கணக்கு, சொன்னது கணக்கில்லை. ஒருவன் நான் ஆயிரம் சூரியனை விழுங்குவேன் என்று சொன்னால் அதை ஏற்கக் கூடாது. விழுங்கியதைப் படத்தில் காட்டியிருக்க வேண்டும். அவன் அதைச் சொன்ன அன்றைக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது. இதைத்தானே நானும் வாழ்நாள் பூராவும் செய்தேன்? கடைக்காரன் சத்தியம் பண்ணுவான், சாமிபடத்தில் கை வைப்பான், பிள்ளைமேல் ஆணையிடுவான். ஏட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. தட்டில் கல்லை வை, முள் எங்கே நிற்கிறது பார். அவ்வளவுதான். பெருமை இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது கத்தி நின்றுவிட்டது. நாலு மாதம், தினமும் ராத்திரி எட்டரைக்குக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன் செய்தாளே, "நல்லாருக்கியால?" என்று கேட்டாளே, "நல்லாருக்கேம்மா," என்றானே. சொன்னதை எழுதிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்தவன் முடிவெட்டாமல் வந்தான், கேக்கைப் பிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான், பாடகர் குழுவில் நிற்கக் கூப்பிட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றான், பகலில் கம்பளியைப் போர்த்திப் படுத்தான். செய்தது எல்லாம் கண்முன்னால் செய்தான். ஒன்றுக்கும் கட்டம் போடவில்லை அவள். சொன்னதை நம்பினாள். கடைக்காரன் சத்தியத்தை ஒருநாளும் நம்பாதவள்.

கப். நல்லவேளை. தலையில் ஊற்றுகிறான், சத்தம் மேலேயிருந்து விழுகிறது. குக்கர் முதல் விசில் அடித்தது. பருப்பு வைத்திருந்ததே மறந்துபோயிருந்தது. நாலு விசிலுக்கு நிறுத்த வேண்டும். அடுக்களைக்கு இங்கிருந்து பதினோரு எட்டு, திரும்பிவரப் பதினொன்று. நாலாவதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வேறு என்ன கேட்கலாம். நோட்டு அறையில் மேஜைமேல் கிடக்கிறது, போய் எடுக்க முடியாது. மௌனிக்கும் காலக்கொல்லனுக்கும் கேட்டாயிற்று. வெண்சூரியனின் அண்ணன்காரன், பெயர் என்ன, கரும்பிழம்பு, அவனுக்கும் ஆயிற்று. செத்தவர்களைப் பற்றிக் கேட்கக் கூடாது. அந்தச் சொல்லே இந்த வீட்டில் ஆறு வாரமாக யார் வாயிலும் வரவில்லை. ரேடியோவில் வந்தால் திருகிவிடுகிறாள். சின்னப் பிள்ளையில் அவன்தான் எப்போது பார்த்தாலும் சொல்வான். இதெல்லாம் ஆறாம் வகுப்பில். "செத்தாலும் வந்துருவாங்கம்மா. மூணு புக்கு கழிச்சு வந்துருவாங்க. எல்லாருமே." இவள் ஜெபமுறைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "ஏல, செத்து எழுந்தவர் ஒருத்தர்தான். மத்தவனெல்லாம் கட்டுக்கதை," என்றாள். என்னத்துக்கு அத்தனை கண்டிப்பு. பிள்ளை முகம் சுருங்கி, "இல்லம்மா, நான் புக்கைச் சொன்னேன்," என்றான். புக்கைத்தான் சொன்னான். அந்த எண்ணம் வருகிற பக்கத்திலேயேதான் இன்னொன்றும் இருக்கிறது, வண்ணார்பேட்டையில் பஸ்ஸில் வந்தது, வேண்டாம் என்று தள்ளித் தள்ளி வைத்தது. அது வந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவன் கட்டிலுக்கடியிலிருந்த காமிக்ஸ் பூராவையும் அவள் இழுத்துப் போட்டாள். மாதம் ஒன்றாக வரும் மெல்லிய தமிழ்ப் புத்தகங்கள், மூலை மடங்காமல், வருஷவாரியாகச் சணல் போட்டுக் கட்டியவை. பழைய பேப்பர்க்காரனைக் கூப்பிட்டாள். அவன் சைக்கிள் கேரியரில் கைத்தராசு வைத்திருந்தான். பன்னிரண்டு கிலோ என்றான். அவள் கண்ணுக்கு அந்தக் கட்டு பன்னிரண்டரைக்குப் பக்கத்தில். "தராசை இங்கக் கொண்டா," என்று பிடுங்கினாள். காலித் தட்டுகளை ஆடவிட்டுப் பார்த்தாள், ஒரு பக்கம் இறங்கியது. தட்டுக்கடியில் புளியை ஒட்டி வைத்திருந்தான் பாவி. அதற்கப்புறம் அவளுக்குக் கண்மண் தெரியவில்லை. தெருவே கூடியது. "யாருட்ட வந்து யாவாரம் பாக்குத? நான் யாருன்னு தெரியுமா?" புளியைச் சுரண்டி எறியவைத்து, மூன்று தடவை நிறுக்கவைத்து, பன்னிரண்டு கிலோ நானூற்றைம்பது கிராம் என்று நிலைநாட்டிவிட்டுத்தான் விட்டாள். ஜெயித்தாள். தெருவில் நாலு பேர் கை தட்டாத குறை. திரும்பினால் வாசற்படியில் செல்வின் நிற்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியாது. கையில் ஒரே ஒரு புத்தகம், அட்டையில் வெண்சூரியன், அது எப்படித் தப்பியதோ. அவன் அழவில்லை, போடாதே என்று கத்தவில்லை, காலில் விழவில்லை. நானூற்றைம்பது கிராம் குறைந்ததைக் கண்டுபிடித்தவள் அந்த முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "போய்ப் படில," என்றாள். அவன் இறங்கி வந்து, கையில் இருந்த அந்த ஒன்றையும் பேப்பர்க்காரன் சாக்கில் போட்டுவிட்டு உள்ளே போனான். அது எடையில் சேரவில்லை.

இரண்டாம் விசில். மூன்றாவது உடனே. தீ பெரிதாக வைத்துவிட்டாள் போலிருக்கிறது. "செல்வின், பிரபஞ்ச லெவலுக்கு மேல யாருல?" என்றாள், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவன் ஒரு கப் ஊற்றி முடித்துவிட்டுச் சொன்னான்: "எழுதுறவன்."

"என்னது?"

"கதை எழுதுறவன்மா. அவன் இவங்க எல்லாருக்கும் மேல. அவன் பேனாவ மூடி வச்சிட்டான்னா மௌனியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது."

அந்தக் குரல் எப்படி இருந்தது. சாதாரணமாகத்தான் இருந்ததா? பேனாவை மூடி வைத்துவிட்டால். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே நாலாவது விசில் வந்தது, ஐந்தாவதுக்கு ஆவி தூக்கத் தொடங்கியது, போகாவிட்டால் பருப்பு அடிபிடித்துப் புகை வரும், புகை வந்தால் அவன் என்ன என்று பதறி வெளியே வருவான், வரட்டுமே, வந்தால் நல்லதுதானே, இல்லை, வேண்டாம். ஓடினாள். எத்தனை எட்டு என்று எண்ணவில்லை. அடுப்பை நிறுத்தினாள். குக்கர் தன் பாட்டுக்கு இரைந்துகொண்டே இருந்தது, அந்த இரைச்சலில் வேறு ஒன்றும் கேட்கவில்லை, வெயிட்டைத் தூக்கிவிட்டால் இன்னும் சத்தம், அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கதவு மூடியபடி இருந்தது. உள்ளே சத்தம் இல்லை. தண்ணீர் இல்லை, சோப்புப் பெட்டி இல்லை, வாளிக் கைப்பிடி இல்லை. "செல்வின்." எதுவும் இல்லை. "செல்வின்!"

"ம்."

ம் என்றால் அது பதிலா? ஒப்பந்தத்தில் பதில் என்றுதான் இருக்கிறது, எத்தனை எழுத்து என்று இல்லை. ம் சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. தூக்கத்தில் சொல்லலாம். எதை எதையோ யோசித்துக்கொண்டு சொல்லலாம். ஹாஸ்டலில் கடைசி வாரம் பூராவும் போனில் ம்தான் சொன்னான். ஒரு முழு வாக்கியம் வேண்டும் அவளுக்கு, எழுவாய் பயனிலையோடு, கிண்டலோடு. கேள்வி ஒன்றும் மிச்சமில்லை. மண்டைக்குள் நோட்டைப் புரட்டினாள், பெயர், எடை, இதழ், முரண், எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, கீழே ஒரு வரிகூட இடமில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஏல, இவங்கள்ல யாருக்காவது அலுப்பு வருமால?"

சொல் வெளியே போனபிறகுதான் காதில் விழுந்தது. அலுப்பு. யார் கேட்கச் சொன்னார்கள் அதை. யார் ஜெயிப்பார், யார் தூக்குவார் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாமே, பழசைக் கேட்டால் கிண்டல்தானே பண்ணுவான். உள்ளே சத்தம் இல்லை. அவள் கேட்டது அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்டிருக்கிறது, அதனால்தான் சத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் முதல்நாள், ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஏன் ராசா, என்ன குறை உனக்கு, ஏன் என்று இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்ததற்கு அவன் சொன்ன ஒரே பதில், "அலுப்பா இருந்துச்சும்மா." அவ்வளவுதான். பெண் இல்லை, கடன் இல்லை, பரீட்சையில் இரண்டு பேப்பர் நின்றுபோனது உண்டு, ஆனால் அதற்காக இல்லை என்றான். அலுப்பு. அவள் கோபப்படக்கூடச் செய்தாள் உள்ளுக்குள். அலுப்புக்கா? அலுப்பு எனக்கு இல்லையா, பஸ்ஸில் நின்றுகொண்டே நாகர்கோவில்வரை போய்ச் சந்தையில் வெயிலில் நூறு தராசு பார்த்து வருகிறவளுக்கு? அப்புறம் யோசித்தாள். நல்ல தராசை எப்படிச் சோதிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். காலியாக வைத்துப் பார்த்தால் புளி ஒட்டாத எந்தத் தராசும் நேராகத்தான் நிற்கும். முழுப் பாரத்தையும் ஏற்ற வேண்டும், தாங்குகிற அளவு மொத்தத்தையும், இரண்டு தட்டிலும். அப்போதும் முள் நடுவில் நிற்கும். பார்க்கிறவன் ஆகா என்பான். அதற்கப்புறம் ஒரு தட்டில் மிகமிகச் சின்ன கல் ஒன்றை, விரல் நகத்தளவு, வைக்க வேண்டும். முள் சாயும். எவ்வளவு நல்ல தராசோ அவ்வளவு சட்டென்று சாயும். பிள்ளை நல்ல தராசு. அது தெரியாமல் அவள் என்னென்னவோ ஏற்றினாள், கல்லூரி, நின்றுபோன இரண்டு பேப்பர், மாமா மகன் அமெரிக்கா, முள் நடுவில் நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். இப்போது மறுபடி, இந்தக் காலையில், ஆறு வாரம் கழித்துக் கொஞ்சம் நிலைக்கு வந்த தட்டில் தன் கையாலேயே நகத்தளவு கல்லை வைத்துவிட்டாள். குக்கர் இரைச்சல் அடங்கிவிட்டது. வீட்டில் இவ்வளவு அமைதி இருக்க முடியுமா. மௌனி ஒரு சொல் சொன்னாள், ஒரு பால்வீதி காணாமல் போயிற்று. நான் என்ன சொன்னேன். எத்தனை நேரம் ஆயிற்று. எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும். இப்போதிலிருந்து எண்ணினால் முன்னால் போனது கணக்கில் வராது. இருபது எண்ணிவிட்டுத் திறக்கலாம். திறந்தால், அவன் சும்மா உட்கார்ந்திருந்தால், பனியன்கூட இல்லாமல், தாயைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டால், நாளைக்கு எந்தக் கதவுக்கு வெளியிலிருந்து எதைக் கேட்பது? அவனுக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு கதவு. தாழ்ப்பாளில்லாத இந்த ஒரு கதவை நம்பித்தான் அவன் தினமும் உள்ளே போகிறான், தினமும் வெளியே வருகிறான். திறக்காவிட்டால்? பதினொன்று, பன்னிரண்டு. கர்த்தாவே, நீர் எந்த லெவலாக வேண்டுமானாலும் இரும். பதினான்கு. அவள் கை கதவில் இருந்தது. எப்போது வைத்தாள்? உள்ளங்கைக்குக் கீழே பலகை ஈரத்தில் ஊதியிருந்தது. ஒரு விரல் தள்ளினால் போதும், அந்தப் பக்கம் ஒன்றும் தடுக்காது. பதினேழு. பதினெட்டு.

"எம்மா."

"சொல்லு!"

"இரும்மா, யோசிச்சிட்டு இருக்கேன்லா. என்ன அவசரம் உனக்கு?"

அவள் கையை எடுத்தாள். எடுத்த கை எங்கே போவது என்று தெரியாமல் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. யோசித்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரமும் பிள்ளை உள்ளே ஈரத்தோடு நின்றுகொண்டு அவள் கேட்ட கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தான்! ஆறு வாரத்தில் இருநூறு கேள்வி கேட்டிருப்பாள், ஒன்றுக்கும் யோசித்ததில்லை, எல்லாம் விரல்நுனியில் இருந்தது.

"வெண்சூரியன் பாலத்தடியில முழங்கால் போட்டு நின்னாம்லா," என்றான் செல்வின். குரல் கதவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது. "நீ முரண்னு எழுதி வச்சேல்லா. நானும் இவ்வளவு நாளும் அது எழுதுனவன் தப்புன்னுதான் எல்லார்ட்டயும் சண்ட போட்டேன். தப்பில்லம்மா. அலுப்பு. நேத்துச் சந்திரனத் தள்ளுனவனுக்கு இன்னைக்குப் பாலம் கனக்கும். எல்லாருக்கும் வரும்னு நெனைக்கேன். மௌனிக்கும் வரும். அவ அதாம் பேசாம இருக்கா போல. வரும். ஆனா அதப் படம் போட மாட்டாங்க. போட்டா யாரு வாங்குவா?"

"அப்பம் என்ன செய்வாங்க?" என்று கேட்டாள். இது நோட்டுக்குள் இல்லாத கேள்வி. பதில் வருமா என்று பார்ப்பதற்காகவும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தெரியல," என்றான். கப்பை வாளிக்குள் போட்டுவிட்டு, "உனக்கு வராதா?" என்றான்.

வராது என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. முப்பத்தொரு வருஷமாக யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆபீசில், கோயிலில், அவன் தகப்பனிடம், ஆஸ்பத்திரி வராந்தாவில் காப்பி கொண்டுவந்த மைனியிடம். எனக்கென்ன, நான் நல்லாருக்கேன்.

"வருதுல," என்றாள். "ரொம்ப வருது."

அவன் மறுபடி பேசுகிறவரைக்கும் அவள் எண்ணவில்லை.

"நின்னுட்டாம்மா இருக்க?"

"ஆமா."

"அப்பம் அங்கனயே உக்காரு. கால நீட்டி உக்காரு. எனக்கு இன்னும் ரெண்டு வாளி இருக்கு, தலையில சோப்பு போகல. குளிச்சிட்டு வாரேன்."

சுவரில் முதுகைக் கொடுத்துச் சரிந்து உட்கார்ந்தாள் ரஞ்சிதம். சேலை உரசியது, உரசட்டும். கால் நீட்டியபோது முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன, அது உள்ளே கேட்டிருக்கும். அவன் குழாயைத் திறந்தான். வாளிக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது. நிரம்ப எப்படியும் மூன்று நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் குழாய்ச் சத்தம்தான், அவன் சத்தம் கேட்காது. கேட்பதற்குக் கேள்வி ஒன்று தொண்டைவரை வந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.